மூன்றாவது வட்டத்தில் ஓடிய கோடு

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

ஆய்வுக்கூடத்தில் உங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிச் சுட்டுக்கொடுத்த பேக்கரிக்காரன் கும்பிட்டுச் சொல்லி எழுதவைக்கும் கடிதம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுதச் சொன்னேன். எழுதுகிற என் மருமகள், "மூணு வாரமா நீங்க சரியாச் சாப்பிடல மாமா, அதையும் சேத்துக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். பேனா ஓடுகிற சத்தத்தைப் பார்த்தால் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஐந்து வட்டத் தாள்கள் வரும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறோம். அவற்றை மடிக்காதீர்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். அவை என்னவென்று பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரி இருக்கிறாள். முழங்கால்தான் தகராறு. படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுவாள், அதனால் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டிய வேலை இல்லை. அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டி எட்டு நாள் காய்ச்சல் கொதித்தபோது, நீங்கள் பேருந்து மாறி மாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அந்தப் பொண்ணு எங்க இருக்கு, ஒரு லெட்டர் போடப்படாதா?" என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். பதினோரு வருடம் மாற்றியிருக்கிறேன்.

கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வரிசையில் சாவியக்கா நின்றுகொண்டிருந்தார். உறைபெட்டி அறைச் சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு இறக்காமல் இருப்பாரே, அவரேதான். ஓய்வு பெற்ற பிறகும் இடுப்பில் ஏதோ ஒரு சாவி தொங்குகிறது. என்னைப் பார்த்ததும், "அட பேக்கரி, நீ இன்னும் இருக்கியா?" என்றார். "கிளம்பத்தான் பாத்தேன், டோக்கன் இன்னும் கூப்பிடல" என்றேன். சிரித்தார். அப்புறம்தான் உங்களைப் பற்றிச் சொன்னார்.

நீங்கள் ஒரு பால் பண்ணையில் பால் சோதிக்கிற வேலையில் இருக்கிறீர்கள் என்றார். அங்கே பாட்டில் கழுவ ஆள் இருந்தும் யாரையும் தொடவிடாமல் நீங்களே கழுவுகிறீர்களாம். "என்னமோ அப்படி ஒரு கிறுக்கு அவளுக்கு" என்றார் சாவியக்கா. பிறகு, பழைய தீர்ப்பை மாற்றக் கேட்டு நீங்கள் மனுப் போட்டிருப்பதையும், வரும் மாதம் பத்தாம் தேதி அதை விசாரிக்கப்போகிறார்கள் என்பதையும் சொன்னார். "புதுசா என்ன ஆதாரம் இருக்குன்னு கேக்கறாங்களாம். அவகிட்ட என்ன இருக்கும், பாவம்" என்றார்.

ஆதாரம் என்னிடம் இருக்கிறது அம்மா. பதினோரு வருடமாக இருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று மருமகள் கேட்கிறாள். இங்கே ஆரம்பிக்கிறேன். இந்த எழுத்து என் எழுத்து இல்லை. கை நடுக்கத்தால் பிறரை எழுதச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றும் தெரியாது. முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்தேன். வேலைக்கு மனு எழுதிக்கொடுத்த என் மைத்துனன் எட்டாம் வகுப்பு என்று போட்டுவிட்டான். நான் ஒன்றாம் வகுப்பு வாசலைக்கூட மிதித்தவன் இல்லை. கையெழுத்து மட்டும் அவன்தான் ஒரு மாதம் உட்காரவைத்துப் பழக்கினான், கோலம் போடப் பழக்குகிற மாதிரி. எண்கள் கடைகண்ணியில் புழங்கிப் பழக்கமானவை. எழுத்து என்றால் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலத்தான்.

யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன், நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க" என்பேன். மறந்து வைப்பதற்கென்றே ஒரு கண்ணாடி வாங்கியிருந்தேன் அம்மா. அதில் பவரே கிடையாது. இதைச் சொன்னதும் மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, அவளுக்கும் தெரியாது. தினமும் காலையில் செய்தித்தாளை என் கையில்தான் முதலில் கொடுப்பாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

எழுதி வைக்க முடியாதவன் எல்லாவற்றையும் தலையில்தான் வைத்தாக வேண்டும். உங்கள் பாட்டில்களுக்கு நீல நாடா இரண்டு சுற்று. எதிர் மேசைக்காரருக்குப் பச்சை ஒரு சுற்று. உங்கள் பாட்டில்களில் ஒன்றுக்கு மட்டும் வாய் ஓரத்தில் நெல் அளவுக்கு உடைசல் இருக்கும், அதைத் தடவிப் பார்த்தே இது உங்களுடையது என்று எடுத்துவைப்பேன். அதனால்தான் நீங்கள் ஒருநாள் சொன்னதும் ஒரு சொல் உதிராமல் நினைவிருக்கிறது.

அன்றைக்கு நான்தான் கேட்டேன். ஆவிப் பெட்டியில் வேகவைத்தாலே கிருமியெல்லாம் செத்துப்போகிறதே, அப்புறம் எதற்கு அந்த ஓவனில் வைத்து இத்தனை சூட்டில் மறுபடியும் சுட வேண்டும், செத்ததையே எத்தனை தடவை சாகடிப்பது என்று. நீங்கள் கைவேலையை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "செத்துப்போனாலும் அதோட மேல்தோல் கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கும் ஐயா. நம்ம உடம்புல காவல் அணுன்னு இருக்கு. வந்தது உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னெல்லாம் அது பாக்காது. மேல போட்டிருக்கிற சட்டையத் தடவிப் பாக்கும். நம்ம சட்டை இல்லன்னு தெரிஞ்சா உடனே கூச்சல் போடும். காய்ச்சல், வீக்கம் எல்லாம் அந்தக் கூச்சல்தான். வேகவைச்சா கிருமி சாகும், அந்தத் தோல் போகாது. சுட்டாத்தான் போகும்" என்றீர்கள்.

அதுகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, இது யார் சட்டை என்று கேட்டேன். "யாரும் சொல்லிக்கொடுக்கல. பிறக்கும்போதே வந்த அறிவு. பாடம் படிச்சுட்டு வர படை வேற ஒண்ணு இருக்கு, அது வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் வாசல்ல நிக்கறது இந்தப் படிக்காத காவல்காரங்கதான்" என்று சிரித்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் குத்திக்காட்டுகிறீர்களோ என்று முகத்தைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கிருமியின் சட்டையில் எத்தனையோ துணுக்குகள் இருந்தாலும், அதில் ஒரே ஒரு புரதம் போதும், அதை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தாலே காவல் அணு கூச்சல் போடும் என்று காட்டுவதுதான் உங்கள் வேலை என்றும் சொன்னீர்கள். அந்தப் புரதத்தைக் கொதிக்கவைத்தால் முட்டையின் வெள்ளை மாதிரி உருக்குலைந்துபோகும், அப்புறம் காவல் அணுவுக்கு அது யாரென்று தெரியாது, தூங்கிவிடும் என்றீர்கள். கண்ணாடியில் பழைய கிருமித் தோல் துளி இருந்தாலும் கூச்சல் யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது, "அதனால என் மொத்த வேலையும் உங்க ஓவன்லதான் இருக்கு" என்றீர்கள். அன்றிலிருந்துதான் எனக்குப் பேக்கரிக்காரன் என்று பெயர் வந்தது. காலையில் வரும்போதே, "ரொட்டி ரெடியா ஐயா?" என்பீர்கள். "கருகாம எடுத்து வச்சிருக்கேன்" என்பேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அந்தக் காவல்காரர்கள் மாதிரி நானும் தடவித் தடவித்தான் வேலை பார்க்கிறேன் என்று. வாய்வரை வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. விழுங்கிவிட்டேன்.

இனி ஓவன் விஷயம். இதற்குமேல் சொல்லத் தொடங்கியபோது நேற்று மருமகளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்று மதியம் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஓவனின் குமிழைச் சுற்றி எண்கள் கிடையாது, வெறும் கோடுகள்தான், நினைவிருக்கும். நான் என் வீட்டுக்காரியின் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். குமிழின் மூக்கு பொட்டுக்கு நேரே நின்றால் சூடு சரி. பக்கத்தில் ஒரு பேனா, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத் தாளில் கோடு போடும். தாளில் ஐந்தாவது வட்டத்தின் மேல் கோடு ஓடினால் சுட்டது சுட்டபடி. சனிக்கிழமைதோறும் தாளை மாற்றுவேன். ஸ்டோர் கிளார்க் புதுத் தாள் தரும்போதே பின்னால் தேதி முத்திரை குத்தித்தான் தருவார்.

என் மகன் கல்யாணத்துக்காக நான் ஆறு நாள் விடுப்பில் இருந்தபோது அந்தக் குமிழ் உடைந்து, மெக்கானிக் வேறு குமிழ் போட்டிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தபோது பக்கவாட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அடியில் வரிசையாக எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. மேற்பார்வையாளர், "நீங்க மட்டும்தான் பாக்கி, போடுங்க" என்றார். போட்டேன். கண்ணாடியைக்கூட மறந்துவைக்கவில்லை அன்றைக்கு. பையிலிருந்து எடுத்து மாட்டி, நோட்டீஸைக் கொஞ்ச நேரம் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போட்டேன். இதை நினைத்தால்தான் இன்றும் முதுகு கூசுகிறது.

பழைய பொட்டு இருந்த இடத்திலேயே புதுக் குமிழின் மூக்கை நிறுத்தினேன். பேனா மூன்றாவது வட்டத்தில் ஓடியது.

மருமகள் இங்கே 'எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது' என்று எழுதிவிட்டாள். அடித்துவிடச் சொன்னேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லித்தான் ஒவ்வொரு வரியையும் விடுகிறேன். எனக்குத் தெரிந்தது அம்மா. மூன்றாவது வட்டம் என்பதை அன்று காலையிலேயே பார்த்தேன். மெக்கானிக் பேனாவை இறக்கி மாட்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், "நோட்டீஸ்ல போட்டிருக்கே, படிக்கல?" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான்கு வாரம், சனிக்குச் சனி, மூன்றாவது வட்டத்தில் கோடு ஓடிய தாளைக் கழற்றி இழுப்பறையில் வைத்தேன். நீல நாடா பாட்டில்களை அடுக்கி உங்கள் மேசைக்கு அனுப்பினேன். "ரொட்டி ரெடியா ஐயா?" என்றீர்கள். ரெடி என்றேன்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, உங்கள் முடிவைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்த மூன்று பேர் முன்னால் நீங்கள் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து காட்டினீர்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் குப்பைக்கூடையோடு நின்றேன். தொண்ணூற்றாறு குழித் தட்டு. காவல் அணு கூச்சல் போட்டால் அந்தக் குழி மஞ்சளாகும், தூங்கினால் நிறமே வராது என்று எனக்கும் தெரியும். புரதம் வைத்த வரிசை மஞ்சளானது. கொதிக்கவைத்த புரதம் வைத்த வரிசையும் மஞ்சளானது. கடைசியில் ஒன்றுமே போடாத வெறும் தண்ணீர் வரிசையும் மஞ்சளாகிவிட்டது. நீங்கள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். வந்தவர்களில் ஒருவர், "இது புரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் அழுக்கு. அப்ப இத்தன நாள் காட்டினதும் அழுக்குதான்" என்றார். இன்னொருவர், அழுக்காக இருந்தால் பரவாயில்லை, கதையாக இருக்கப்போகிறது என்றார். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஓவன் முன்னால் நின்றேன். பொட்டைப் பார்க்காமல் குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன். கடைசிக் கோடுவரை போனதும் பேனா மெல்ல ஏறி ஐந்தாவது வட்டத்தில் போய் நின்றது. அப்போதுதான் எனக்கு உறுதியானது. உறுதியானதும் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், சிவப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். சனிக்கிழமை அந்தத் தாளையும் கழற்றி, இழுப்பறையில் இருந்த நான்கோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு முன்னால் நீங்கள் கழுவும் அறைக்கு வந்தீர்கள். "ஒரே ஒரு தடவ கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க ஐயா. ஓவன் சரியா ஓடுச்சா?" என்றீர்கள். "ஓடுச்சும்மா" என்றேன். "அது போதும். கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

உள்ளே அந்த மூவரும் ஓவனைச் சோதித்தார்கள். சூடு சரியாக இருந்தது. நான் சரிசெய்து வைத்திருந்தேனே. வட்டத் தாள்கள் எங்கே என்றார்கள். பேனாவில் மை தீர்ந்து ஒரு மாதமாகக் கோடே விழவில்லை, வெறும் தாளைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். ஒருவர் நோட்டீஸை எடுத்து உரக்கப் படித்தார். புதுக் குமிழ், பழைய பொட்டைப் பார்க்க வேண்டாம், கடைசிக் கோடுவரை திருப்பவும் என்று இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரியும். "படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்களும், "அவர் சுட்ட கண்ணாடிப் பாட்டில் மேல எனக்குச் சந்தேகம் இல்ல, அவர் முப்பது வருஷமா இந்த வேலையப் பாக்கறார்" என்று எழுந்து நின்று சொன்னீர்கள். கண்ணாடி சுத்தம் என்றால் மிச்சம் இருந்தது உங்கள் கைதான். உங்கள் கை செய்த பித்தலாட்டம் என்றே எழுதிவைத்து உங்களை வெளியே அனுப்பினார்கள்.

எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், முப்பது வருடம் படித்தவன் மாதிரி நடித்திருக்கிறான் என்று அந்த வராந்தாவில் பேசுவார்களே, அதுதான். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் வாழ்க்கையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

போகிற அன்று முடிக்காத உங்கள் ஆராய்ச்சிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தீர்கள். முதல் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தீர்கள். "படிச்சுப் பாருங்க ஐயா" என்றீர்கள். பார்த்து, தலையை ஆட்டி, கும்பிட்டேன். வட்டத் தாள்கள் நசுங்காமல் இருக்க அந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்திருந்தேன். சாவியக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்று தாள்களை எடுக்க அதைத் திறந்தேன். மருமகள் பக்கத்தில் இருந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். 'என் வேலையில் நான் ஒருநாளும் சந்தேகப்பட வேண்டியிராத ஒரே இடம், பேக்கரி ஐயாவின் கண்ணாடி. நன்றியுடன்.' படித்துவிட்டு, "யாரு மாமா இவங்க? இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க, எங்ககிட்ட காட்டவே இல்லையே" என்றாள். அன்றிலிருந்துதான் சாப்பாடு இறங்கவில்லை.

இதோ அந்த ஐந்து தாள்கள். பின்னால் தேதி முத்திரை இருக்கிறது. நான்கு தாளில் கோடு மூன்றாவது வட்டத்தைவிட்டு ஏறவே இல்லை. ஐந்தாவது தாளில் வியாழன் சாயங்காலம்வரை மூன்றில் ஓடி, அங்கிருந்து ஒரே ஏற்றமாக ஐந்துக்குப் போகும். அந்த ஏற்றம் என் கை. பத்தாம் தேதி அவர்கள் முன்னால் இவற்றை விரித்து வையுங்கள்.

தாள் மட்டும் போதாது, நானும் வருகிறேன். மகன் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் நேற்றுத்தான் எல்லாம் தெரியும். எத்தனை மணி ரயில் என்று மட்டும் கேட்டான். படித்துத்தான் கையெழுத்துப் போட்டதாக நான் சொன்னது அவர்கள் பதிவில் இருக்கும். அதனால் ஒன்று செய்யுங்கள் அம்மா. அந்த நோட்டீஸ் கோப்பில் இருக்கும், எடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்க அதை என் கையில் கொடுத்து, படி என்று சொல்லச் சொல்லுங்கள். நான் நின்று காட்டுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன். கண்ணாடி கொண்டுவர மாட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுத வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் புரதம் உண்மை, உங்கள் கை சுத்தம். அந்தக் கை நன்றாக இருக்க வேண்டும். அது இனி இன்னொருவர் பாட்டிலை நம்பித் தொடுகிற காலம் வர வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரன்

இதற்குக் கீழே கோணலாக இருப்பது நானே பேனாவை வாங்கிப் போட்ட கையெழுத்து. இது ஒன்றுதான் எனக்கு எழுத வரும். நோட்டீஸின் அடியில் கடைசியாக இருப்பதும் இதுவேதான். ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.